புற்றுக்கட்டியின் அமிலம் பக்கத்துச் செல்களை என்ன செய்கிறது?

அறுவை சிகிச்சையில் எடுத்த கணையப் புற்றுநோய்க் கட்டியை மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் புற்றுச் செல்களைக் கொஞ்சம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் கண்ணில் படுவது வெளிர் சிவப்பில் அலையலையாக ஓடும் கொலாஜன் நார்கள். அவற்றுக்கு இடையே இரு முனையும் கூர்ந்து நீண்டு கிடக்கும் செல்கள் ஏராளம். கோணல்மாணலான சிறு சுரப்பிகள்போல, ஊதா நிறக் கருக்களோடு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிபவைதான் புற்றுச் செல்கள். பல கணையக் கட்டிகளில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி, சிலவற்றில் பத்தில் எட்டுப் பங்குகூட, இப்படிப் புற்றல்லாத துணைத் திசுதான்.

இந்தத் துணைச் செல்கள் நோயாளியின் சொந்தச் செல்கள். புற்றுச் செல்களில் இருக்கும் மரபணுப் பழுது பொதுவாக இவற்றில் இருப்பதில்லை. இருந்தும், கட்டிக்கு அருகில் இருந்தே பழகிய இவை நாளடைவில் அதற்கு உரமிடுகின்றன, அரண் கட்டுகின்றன, மருந்தை மறிக்கின்றன. பழுதில்லாத செல் ஏன் இப்படி மாறுகிறது? காரணங்கள் பல. அவற்றில் ஆய்வாளர்கள் இப்போது உற்றுக் கவனிப்பது, கட்டி தன்னைச் சுற்றிலும் கசியவிடும் அமிலத்தை.

அமிலம் எங்கிருந்து வருகிறது?

1920களில் பெர்லினில் ஆய்வு செய்த ஓட்டோ வார்பர்க் ஒரு விநோதத்தைக் கண்டார். சாதாரணச் செல்களுக்கு ஆக்சிஜன் கிடைத்தால் அவை குளுக்கோஸை முழுவதுமாக எரித்து, ஒரு மூலக்கூறிலிருந்து ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறுகளை ஏறத்தாழ 30 வரை எடுக்கும். புற்றுச் செல்களோ ஆக்சிஜன் இருக்கும்போதும் குளுக்கோஸைப் பாதி வழியிலேயே உடைத்து, 2 ஏ.டி.பி. மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை லாக்டிக் அமிலமாக வெளியேற்றின. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா பழுதாகிவிட்டதே இதற்குக் காரணம் என்று வார்பர்க் நினைத்தார். பெரும்பாலான கட்டிகளில் அது நன்றாகவே இயங்குகிறது என்பது பின்னால் தெரிந்தது. வேகமாகப் பெருக வேண்டிய செல்லுக்கு ஆற்றலோடு, புதிய செல்லைக் கட்டுவதற்கான மூலப்பொருளும் வேண்டும். குளுக்கோஸை அவசரமாக உடைக்கும் வழி அதைத் தருகிறது. பெட் ஸ்கேன் எடுக்குமுன் கதிரியக்கமுள்ள சர்க்கரை போன்ற பொருளை ஊசியில் ஏற்றுகிறார்களே, அது கட்டி இருக்கும் இடத்தில் ஒளிர்வதற்குக் காரணமும் இந்தச் சர்க்கரைப் பசிதான்.

இரண்டாவது காரணம் ஆக்சிஜன் தட்டுப்பாடு. கட்டி வளரும் வேகத்துக்கு ரத்தக் குழாய்கள் ஈடுகொடுப்பதில்லை. நுரையீரல் புற்றுநோய்த் திசுக்களை ஆராய்ந்த தாம்லின்சனும் கிரேயும், துணைத் திசுவில் ஓடும் ரத்தக் குழாய்களிலிருந்து மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்துக்கு அப்பால் புற்றுச் செல்கள் மடிந்துவிடுவதை 1955இல் காட்டினார்கள். அந்த எல்லைக்குச் சற்று உள்ளே, மூச்சு முட்டியபடி உயிரோடு இருக்கும் செல்களில் ‘ஹிஃப்’ என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைவைச் செல்கள் எப்படி உணர்கின்றன என்று கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்ஸா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கதையின் நடுநாயகம் இந்தப் புரதம்தான். அது விழித்ததும் குளுக்கோஸை உடைக்கும் நொதிகள் கூடுகின்றன. அமிலமும் கூடுகிறது.

அமிலம் உள்ளேயே தேங்கினால் புற்றுச் செல்லே செத்துவிடும். அதனால் செல்லின் சவ்வில் அமிலத்தை வெளியேற்றும் புரதங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. எம்.சி.டி.4 லாக்டிக் அமிலத்தை வெளியே தள்ளுகிறது. என்.எச்.இ.1 சோடியத்தை உள்ளே விட்டு ஹைட்ரஜன் அயனியை வெளியே அனுப்புகிறது. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 9 என்ற நொதி, செல் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைச் சவ்வுக்கு வெளியிலேயே அமிலமும் பைகார்பனேட்டுமாகப் பிரிக்கிறது. பைகார்பனேட் உள்ளே திரும்புகிறது, அமிலம் வெளியே தங்குகிறது. ரத்த ஓட்டம் நன்றாக இருந்தால் இந்த அமிலம் அடித்துச் செல்லப்பட்டிருக்கும். கட்டியின் ரத்தக் குழாய்கள் கசிவும் வளைவும் அடைப்புமாக இருப்பதால் அது அங்கேயே தேங்கி நிற்கிறது.

எவ்வளவு புளிப்பு?

அமிலம் என்றதும் தோலைப் பொசுக்கும் திராவகம் நினைவுக்கு வரும். நிலைமை அப்படி இல்லை. அமிலத்தை அளக்கும் பி.எச். அளவுகோலில் 7 நடுநிலை. எண் குறையக் குறைய அமிலம் கூடும். நம் ரத்தம் 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கும். பல கட்டிகளில் செல்களுக்கு வெளியே உள்ள திரவம் 6.5 முதல் 7 வரை இறங்கியிருக்கும். கறந்த பசும்பாலின் அளவு ஏறத்தாழ 6.7. நாக்கில் வைத்தால் புளிப்பே தெரியாத நிலை அது.

ஆனால் இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. 7.4இலிருந்து 6.8க்கு இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் நான்கு மடங்காகிவிடும். நாக்குக்குத் தெரியாத இந்த மாற்றம் செல்லின் புரதங்களுக்கு நன்றாகத் தெரியும். புரதங்களில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் சரியாக இந்த எல்லையில்தான் ஹைட்ரஜன் அயனியைப் பிடிப்பதும் விடுவதுமாக இருக்கும். பிடித்தால் அதில் மின்னேற்றம் கூடுகிறது. புரதத்தின் வடிவம் சற்றே மாறுகிறது. வடிவம் மாறினால் வேலையும் மாறும். கட்டியின் அமிலம் பக்கத்துச் செல்லுக்குச் செய்தி சொல்வது இந்த வழியில்தான்.

காயம் ஆற்றும் செல்

கணையக் கட்டியில் நாம் பார்த்த நீண்ட செல்களுக்கு ஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர். உடம்பில் எங்கே காயம் பட்டாலும் ஓடிவந்து, கொலாஜன் நெய்து, கிழிந்த இடத்தை இழுத்துக் கட்டி, வேலை முடிந்ததும் ஓய்ந்துவிடுவது இவற்றின் இயல்பு. கட்டிக்குள் இவை ஓய்வதே இல்லை. அமெரிக்க நோயியல் அறிஞர் ஹரால்ட் டுவோராக், புற்றுக்கட்டிகளை ‘ஆறாத காயங்கள்’ என்று 1986இல் எழுதினார். ஃபைப்ரோபிளாஸ்டின் தரப்பிலிருந்து பார்த்தால் அது மிகச் சரியான வர்ணனை.

கணையத்தில் இவற்றுக்கு ஒரு நெருங்கிய உறவு உண்டு. நட்சத்திர வடிவச் செல்கள் என்று அவற்றைச் சொல்வார்கள். கல்லீரலில் இத்தகைய செல்கள் இருப்பது முன்பே தெரியும். கணையத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டியது 1998இல். நலமான கணையத்தில் இவை வைட்டமின் ஏ நிறைந்த கொழுப்புத் துளிகளைச் சுமந்தபடி அமைதியாக இருக்கும். அழற்சியோ புற்றோ வந்துவிட்டால் அந்தத் துளிகளை இழந்து, கொலாஜனைக் கொட்டும் ஃபைப்ரோபிளாஸ்டாக மாறிவிடும்.

அமிலத்தை உணரும் ஏற்பிகள்

செல் சவ்வில் இருக்கும் சில ஏற்பிகள் ஹைட்ரஜன் அயனியையே சமிக்ஞையாக எடுத்துக்கொள்கின்றன என்பதை 2003இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஏற்பியின் வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஹிஸ்டிடின்களே அங்கே உணர்கொம்பு. ஜி.பி.ஆர்.4, ஜி.பி.ஆர்.65, ஜி.பி.ஆர்.68 ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. காயத்திலும் அழற்சியிலும் திசு சற்றே அமிலமாவது இயல்பு. அப்போது பழுதுபார்க்கும் செல்களை எழுப்புவதற்கு இத்தகைய ஏற்பிகள் உதவியிருக்க வேண்டும். கட்டி அந்த ஏற்பாட்டைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது.

இதைக் கணையப் புற்றுநோயிலேயே நேரடியாகப் பார்த்தவர்கள் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் குழுவினர். நோயாளிகளின் கட்டிகளிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்களில் ஜி.பி.ஆர்.68 மிக அதிகமாக இருந்தது. புற்றுச் செல்களின் அருகாமையே அதைக் கூட்டியது. சூழலின் அமிலம் ஏறியபோது அந்த ஏற்பி முடுக்கப்பட்டு, ஃபைப்ரோபிளாஸ்ட்கள் இன்டர்லூக்கின் 6 என்ற அழற்சிப் பொருளைச் சுரந்தன. அது புற்றுச் செல்களின் பெருக்கத்தைத் தூண்டியது. ஏற்பியின் அளவைக் குறைத்தபோது சுரப்பும் குறைந்தது. 2018இல் வெளியான இந்த ஆய்வு ஒரு சுழலைத் தெளிவாகக் காட்டுகிறது: புற்றுச் செல் அமிலத்தைக் கக்குகிறது, ஃபைப்ரோபிளாஸ்ட் அதை உணர்ந்து ஊக்கியைச் சுரக்கிறது, ஊக்கி பெற்ற புற்றுச் செல் இன்னும் பெருகி இன்னும் அமிலத்தைக் கக்குகிறது.

எல்லா ஃபைப்ரோபிளாஸ்ட்களும் ஒரே வேலை செய்வதில்லை. நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் டேவிட் டூவ்சன் குழு 2017இல் கணையக் கட்டிகளில் இரண்டு வகையைப் பிரித்துக் காட்டியது. புற்றுச் செல்களை ஒட்டி நிற்பவை தசை போன்ற இழுவிசையோடு கெட்டியான நாரை நெய்கின்றன. சற்றுத் தள்ளி நிற்பவை இன்டர்லூக்கின் 6 போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. ஒரு வகை மற்றதாக மாறவும் முடியும். ஆக்சிஜன் குறைந்தால் அழற்சி வகையின் பக்கம் சாய்வு ஏற்படுவதை அண்மை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக்சிஜன் குறைவும் அமிலமும் பெரும்பாலும் சேர்ந்தே நடமாடுபவை என்பதால், இதில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் இப்போது ஆய்வகங்களின் தலைவலி.

லாக்டிக் அமிலத்தின் இன்னொரு பாதியான லாக்டேட்டும் வீணாவதில்லை. ஆக்சிஜன் இல்லாத பகுதிச் செல்கள் கழித்துவிட்ட லாக்டேட்டை, ஆக்சிஜன் கிடைக்கும் பகுதிச் செல்கள் எரிபொருளாக எடுத்துக்கொள்வதை 2008இல் பெல்ஜிய, அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். சில கட்டிகளில் ஃபைப்ரோபிளாஸ்ட்களே லாக்டேட் தயாரித்துப் புற்றுச் செல்களுக்கு ஊட்டுகின்றன.

கட்டி எந்தப் பக்கம் பரவுகிறது?

அமிலத்தில் ஊறிய சாதாரணச் செல்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் மடிகின்றன. பழகிப்போன புற்றுச் செல்கள் பிழைக்கின்றன. அமில நிலையில் முனைப்படையும் கேதெப்சின் போன்ற நொதிகள் செல்களைச் சுற்றியுள்ள நார்ச்சட்டத்தை அரிக்கின்றன. இப்படி உண்டாகும் காலியிடத்தில் கட்டி முன்னேறும் என்று ராபர்ட் கேட்டன்பியும் எட்வர்ட் காவ்லின்ஸ்கியும் 1996இல் கணிதச் சமன்பாடுகளின் துணையோடு ஊகித்தார்கள்.

அந்த ஊகத்தை எலிகளில் கண்ணால் பார்க்க முடிந்தது 2013இல். எலியின் முதுகுத் தோலில் சிறு கண்ணாடிச் சன்னல் பதித்து, உள்ளே வளரும் கட்டியையும் அதைச் சுற்றியுள்ள பி.எச். அளவையும் நாள்தோறும் படமெடுத்தார்கள். கட்டியின் விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே சீராக நகரவில்லை. அமிலம் அதிகமாக இருந்த திசைகளில் அது முன்னேறியது, பி.எச். இயல்பாக இருந்த பக்கங்களில் நின்றுவிட்டது. எலிக்குக் குடிநீரில் பைகார்பனேட் கலந்து கொடுத்தபோது பரவல் தடைபட்டது.

காவல் செல்களுக்கு நேர்வது

நோய் எதிர்ப்புச் செல்களும் கட்டிக்குள் இருப்பவைதான். மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கு செல்லுக்கு இரண்டு முகங்கள்: எதிரியைத் தாக்குவது ஒன்று, சேதத்தைச் சீர்செய்வது மற்றொன்று. லாக்டிக் அமிலம் அதைச் சீர்செய்யும் முகத்துக்குத் திருப்பி, புதிய ரத்தக் குழாய்களை வளர்க்கும் பொருளைச் சுரக்க வைக்கிறது என்று 2014இல் யேல் பல்கலைக்கழகக் குழு காட்டியது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலிருந்து 2018இல் வந்த ஆய்வு, ஜி.பி.ஆர்.65 ஏற்பி வழியாக அமிலமே நேரடியாக மேக்ரோபேஜைக் கட்டிக்குச் சாதகமாக்குவதை விளக்கியது.

புற்றுச் செல்லைக் கொல்லும் டி செல்லின் நிலை இன்னும் பரிதாபம். அதுவும் சண்டையிடும்போது குளுக்கோஸை உடைத்து லாக்டிக் அமிலத்தை வெளியேற்ற வேண்டிய செல்தான். வெளியிலும் அதே அமிலம் நிறைந்திருந்தால் உள்ளே இருப்பதை எங்கே தள்ளுவது? அதன் பெருக்கமும் ஆயுதச் சுரப்பும் சுருங்குவதை ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2007இல் பதிவுசெய்தார்கள். எதிர்ப்பை அடக்கிவைக்கும் வகை டி செல்களோ லாக்டேட்டையே உணவாக்கிக்கொண்டு அந்தச் சூழலில் சமாளிக்கின்றன. தாக்க வேண்டியவை சோர்கின்றன, தடுப்பவை தழைக்கின்றன.

மருந்தும் இதில் மாட்டிக்கொள்கிறது. டாக்ஸோரூபிசின் போன்ற காரத்தன்மையுள்ள மருந்துகள் அமிலச் சூழலில் மின்னேற்றம் பெற்றுச் செல் சவ்வைக் கடக்கத் திணறுகின்றன. ஊசியில் ஏற்றிய மருந்து கட்டிவரை போய், புற்றுச் செல்லின் வாசலில் நின்றுவிடுகிறது.

சிகிச்சைக்கு இதில் என்ன இருக்கிறது?

துணைச் செல்கள்தான் துணைபோகின்றன என்றால் அவற்றை ஒழித்துவிடலாமே என்ற எண்ணம் முதலில் எழுந்தது. கணையப் புற்றுநோயில் அதைச் செய்தும் பார்த்தார்கள். துணைத் திசுவைக் குறைக்கும் சாரிடெகிப் என்ற மருந்தின் சோதனை, நோயாளிகளின் நிலை மோசமானதால் 2012இல் நிறுத்தப்பட்டது. எலிகளில் ஃபைப்ரோபிளாஸ்ட்களை அகற்றியபோது கட்டி இன்னும் மூர்க்கமானது என்று 2014இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன. துணைச் செல்கள் கட்டிக்கு உதவுவதோடு, ஒரு வகையில் அதற்குக் கடிவாளமும் போட்டிருந்தன.

அதனால் இப்போது நோக்கம், அவற்றைக் கொல்வதிலிருந்து பழைய நிலைக்குத் திருப்புவதற்கு நகர்ந்திருக்கிறது. வைட்டமின் ஏ துளிகளை இழந்த நட்சத்திரச் செல்களுக்கு, அந்த வைட்டமினிலிருந்து பெறப்படும் ரெட்டினாயிக் அமிலத்தை வழக்கமான கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுக்கும் சோதனை பிரிட்டனில் தொடங்கப்பட்டு, முதல் கட்டத்தில் பாதுகாப்பானது என்று தெரிந்தது. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 9 நொதியை முடக்கும் மருந்தும் மனிதர்களில் முதல் கட்டச் சோதனையைக் கடந்திருக்கிறது. ஜி.பி.ஆர்.68 போன்ற ஏற்பிகளை அடைக்கும் மூலக்கூறுகள் ஆய்வகத்தில் உருவாகின்றன. இவற்றில் எதுவும் இன்று கணையப் புற்றுநோய்க்கான வழக்கமான சிகிச்சை அல்ல.

சோடா உப்பு குடிக்கலாமா?

எலிக்குப் பைகார்பனேட், அதாவது சோடா உப்பு, பலித்தது என்று படித்ததும் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. ‘புற்றுநோய் அமிலத்தில்தான் வாழும், உடம்பைக் காரமாக்கினால் செத்துவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியில் துளி உண்மை இருப்பதால்தான் அது ஆபத்தானது. கட்டியின் அமிலத்தைக் கட்டியேதான் உண்டாக்குகிறது. எலுமிச்சையோ காரநீரோ குடித்தால் ரத்தத்தின் பி.எச். மாறுவதில்லை, நுரையீரலும் சிறுநீரகமும் அதை விட்டுக்கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கின்றன. மாறுவது பெரும்பாலும் சிறுநீரின் பி.எச். மட்டுமே.

எலிக்குக் கொடுத்த அளவை மனிதருக்குக் கணக்கிட்டால் நாள்தோறும் சில பத்து கிராம் சோடா உப்பு வரும். அமெரிக்காவில் நோயாளிகளிடம் செய்த சோதனைகள், அந்தச் சுவையையும் வயிற்றுத் தொல்லையையும் பொறுக்க முடியாமல் பலர் விலகியதால் முன்னேறவில்லை. அவ்வளவு சோடியம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், இதயத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும், ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். இத்தாலியில் மருத்துவர் உரிமத்தை இழந்த ஒருவர், புற்றுநோயாளிகளுக்குச் சோடா உப்புக் கரைசலை ஏற்றி வந்தார். அவரிடம் போன நோயாளிகள் சிலர் உயிரிழந்தனர். நீதிமன்றம் அவருக்குச் சிறைத் தண்டனை விதித்தது.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் உடன் இருந்து பார்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காரநீர், சோடா உப்பு, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை என எதைச் சாப்பிடுவதாக இருந்தாலும் முதலில் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். அமிலத்தைக் குறைக்கும் சில மாத்திரைகள், வாய்வழி எடுக்கும் சில புற்றுநோய் மருந்துகள் வயிற்றில் கரைந்து உடம்பில் சேர்வதைத் தடுத்துவிடும். எந்தக் காரணத்துக்காகவும் கீமோதெரபியையோ அறுவை சிகிச்சையையோ தள்ளிப்போடாதீர்கள்.